அடிஸ் அபாபா போலே விமான நிலையம்: கேளுங்கள், சொல்கிறேன்

ஆப்பிரிக்க ஊர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது எனக்குப் பல வருடத் தொழில். எத்தியோப்பியத் தலைநகர் வழியாகப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, அடிஸிலிருந்து வாஷிங்டன் போகும்போது வழியில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோர ஊரான லோமேயில் இறங்கி எரிபொருள் நிரப்பினார்கள். திரும்பும்போது நேராக வந்துவிட்டது. தூரம் ஒன்றுதானே?

பதில்: தூரம் ஒன்றுதான் தம்பி, கிளம்பும் இடம் வேறு. போலே கடல்மட்டத்துக்குச் சுமார் 2,330 மீட்டர் மேலே இருக்கிறது. ஊட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்தால் அதே எடையைத் தூக்க விமானம் ஓடுபாதையில் இன்னும் வேகமாக ஓட வேண்டும், கணக்குப்படி 12 சதவீதம்போல. என்ஜின் குடிப்பதும் அதே மெலிந்த காற்றைத்தான், அதனால் அதன் உந்துவிசையும் குறைகிறது. வேகம் கூடுதலாக வேண்டும், வேகமெடுக்கும் பலமோ குறைவு. நீளமான ஓடுபாதையே 3,800 மீட்டர்தான், டயருக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. மிச்சமிருக்கும் வழி எடையைக் குறைப்பது. டிக்கெட் வாங்கியவர்களை இறக்கிவிட முடியுமா? எரிபொருளைக் குறைத்து ஏற்றிக்கொண்டு எழும்பி, தாழ்வான ஊரில் நிரப்பிக்கொள்கிறார்கள். முன்பு டப்ளினில் நின்று போன காலமும் உண்டு. மேற்கே போகையில் எதிர்காற்று வேறு. வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையம் 100 மீட்டர் உயரம்கூட இல்லை, அங்கே டாங்க்கை நிரப்பிக்கொண்டு ஒரே மூச்சில் வந்துவிடலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. அவ்வளவு உயரத்தில் மூச்சு வாங்குமா சார்?

பதில்: விமானத்துக்குள் வைத்திருக்கும் காற்றழுத்தமே ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். அதாவது, பறக்கும்போது அம்மா ஏற்கெனவே அடிஸ் உயரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்! பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தால் கொஞ்சம் இளைக்கும், சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருதயம், நுரையீரல் தொந்தரவு இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், இரவில் நன்றாகவே குளிரும்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா? நான் அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன்.

பதில்: கட்டாயம் வேண்டும் மேடம். எத்தியோப்பியாவில் தங்கிவிட்டு, அங்கிருந்து கிளம்பிய ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்து சேர்ந்தால் இங்கே மஞ்சள் அட்டை, அதாவது ஊசி போட்ட சான்றிதழ், கேட்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். போட்டுப் பத்து நாள் கழித்தே செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைச் சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும், எனவே போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: நடு ராத்திரியில் ஏன் அவ்வளவு கூட்டம்?

பதில்: ஆப்பிரிக்க ஊர்களின் விமானங்கள் மாலையில் வந்து சேர்ந்து, அந்தப் பயணிகள் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பிரிகிற நேரம் அது. காலையில் இதுவே தலைகீழாக நடக்கும். விமானமும் நிலையமும் ஒரே அரசுக் குழுமத்தின் கையில் இருப்பதால் இப்படிக் கோர்த்து ஓட்ட முடிகிறது. 2022இல் தொடங்கிய சென்னை விமானமும் இந்தக் கோர்வையில் ஒரு மணிதான்.

கேள்வி: புதிதாக ஒன்று கட்டுகிறார்களாமே?

பதில்: ஆமாம், அடிஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் பிஷோஃப்டு ஊர்ப் பக்கம், நான்கு ஓடுபாதைகளோடு. முழுதாக முடிந்தால் வருடத்துக்கு 11 கோடிப் பயணிகள் என்பது திட்டம். போலேயை ஊர் சுற்றி வளைத்துவிட்டது, விரிக்க இடமில்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: புது இடம் போலேயைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. முதல் கேள்வி கேட்ட தம்பி கவனிக்கவும்.

கேள்வி: டாக்ஸிக்காரர் 'ஒரு மணிக்கு வருகிறேன்' என்றார், காலை ஏழுக்கே வந்து நிற்கிறார்!

பதில்: சரியாகத்தான் வந்திருக்கிறார். அங்கே பகல் கணக்கு விடியலில் தொடங்கும், நம் ஏழு அவர்களுக்கு ஒன்று. டிக்கெட்டில் இருப்பது நம் கணக்கு. வண்டி சொல்லும்போது 'நம்ம மணியா, உங்க மணியா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் வந்ததும் நல்லதுதான், உள்ளே போய் நிதானமாக ஒரு புன்னா குடிக்கலாம். அவர்கள் ஊர்க் காப்பி.