பந்தாடும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

கேள்வி: தங்கச்சிமடத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். மகன் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். பள்ளிக் கால்பந்து அணியில் லெஃப்ட் விங், அதாவது இடது ஓரத்தில், ஆடுகிறான். சிவகங்கைப் பக்கத்துச் சின்னக் கல்லூரியிலிருந்து பி.டி. சார் ஒருவர் வந்து, “பையனை எங்ககிட்ட விடுங்க, ஃபீஸைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்கிறார். அவனோ சென்னையில் பெயர்பெற்ற கல்லூரிக்குத்தான் போவேன் என்று நிற்கிறான். அவன் அம்மா, பந்தே வேண்டாம், ஐ.டி.ஐ.யில் போடுங்கள் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

அண்ணே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்னக் கல்லூரிக்கே அனுப்புங்கள். ஆனால் அந்த பி.டி. சார் வாயால் சொன்னதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். மதினி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தம்பியின் சென்னை ஆசை. அங்கே பெயர்பெற்ற கல்லூரி அணிகளில் சேர வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் சின்ன வயதிலிருந்து தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள், மாநில ஜூனியர் அணியில் ஆடியவர்கள், சென்னை லீக்கில் ஏற்கெனவே பூட்ஸ் தேய்ந்தவர்கள். நம் பையன் அவர்களைவிட மட்டம் என்று நான் சொல்லவில்லை. முதல் வருஷம் முழுக்கவும், ஒருவேளை இரண்டாவது வருஷமும், அவன் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஆட்டம் வளர்வது மேட்ச் ஆடும்போதுதான். பெஞ்சில் இருப்பவனுக்குக் கல்லூரியின் பெயர் மட்டும் கிடைக்கும்.

சின்னக் கல்லூரியில் நிலைமை வேறு. பதினொரு பேரைச் சேர்க்கவே பி.டி. சார் திண்டாடுவார். அதனால்தான் பாம்பன், தொண்டி, கீழக்கரை, பெரியபட்டினம் என்று கடலோரத்து மைதானங்களுக்கு வந்து, செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமென்ட் நடக்கும் இடத்தில் ஓரமாக நின்று பார்க்கிறார். தம்பிக்கு முதல் நாளிலிருந்தே இடம் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை இரண்டு மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் ஆடினால், அங்கிருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். பல்கலைக்கழக அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும், அதில் முன்னேறினால் அகில இந்தியப் போட்டி. சின்னக் கல்லூரிப் பையனும் பெரிய கல்லூரிப் பையனும் அந்த அணியில் போடுவது ஒரே ஜெர்சி. பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கிற பல்கலைக்கழக அளவிலான சான்று, அதாவது படிவம் 3, இந்த வழியில்தான் வரும். கல்லூரிக்குள் ஆடி வாங்கும் கோப்பையும் ஊர் டோர்னமென்ட் ஷீல்டும் அங்கே செல்லாது.

ஆகவே அந்தக் கல்லூரியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஃபீஸ் அல்ல. போன வருஷம் பல்கலைக்கழகப் போட்டியில் கால்பந்து அணி இறங்கியதா? அவர்கள் பையன் யாராவது பல்கலைக்கழக அணியில் இருந்தானா? இந்த இரண்டுக்கும் பதில் வராவிட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சில கல்லூரிகளில் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆள் திரட்டுவார்கள், முடிந்ததும் பந்து பீரோவுக்குள் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். கோல் போஸ்ட்டுக்கு முன்னால் புல் தேய்ந்து மண் தெரிந்தால் அங்கே தினமும் ஆடுகிறார்கள். அந்த இடத்தில் சீமைக்கருவேலம் முளை விட்டிருந்து, கம்பத்தில் விடுதிப் பையன்களின் கைலி காய்ந்தால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

இப்போது ஃபீஸ். “ஃபீஸ் வேண்டாம்” என்பதற்குள் பல பொருள் இருக்கிறது. டியூஷன் ஃபீஸ் மட்டுமா? தேர்வுக் கட்டணம், பஸ், விடுதி, மெஸ் யார் கட்டுவது? முதல் வருஷத்துக்கு மட்டுமா, மூன்று வருஷத்துக்குமா? இதை எழுதி வாங்குங்கள். பி.டி. சார் கையெழுத்துப் போட்டால் போதாது. அவர் ஒப்பந்தத்தில் இருப்பவராக இருப்பார், அடுத்த வருஷம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் உங்களிடம் பேசிய ஆளே இருக்க மாட்டார். முதல்வரோ தாளாளரோ கல்லூரி லெட்டர்பேடில் தர வேண்டும். நல்ல கல்லூரி இதற்கு முகம் சுளிக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியைப் பெரும்பாலான அப்பாமார் கேட்பதே இல்லை. முழங்காலில் அடிபட்டு ஒரு வருஷம் ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா? முழங்கால் ஜவ்வு கிழிந்தால் அறுவை சிகிச்சை, அதன்பின் மாதக்கணக்கில் ஓய்வு. அந்த நேரத்தில் “ஆடாதவனுக்கு எதுக்குச் சலுகை” என்று கேட்டு, இரண்டாம் வருஷ ஃபீஸை மொத்தமாகக் கட்டச் சொன்னால் பையன் பாதியில் நின்றுவிடுவான். மருத்துவச் செலவில் கல்லூரி பங்கு கொடுக்குமா, மாணவர் காப்பீடு இருக்கிறதா என்பதையும் அதே தாளில் கேளுங்கள். இதற்குச் சரியான பதில் சொல்கிற கல்லூரி ஃபீஸில் பாதிதான் குறைக்கிறது என்றாலும், பதில் சொல்லாமல் முழுச் சலுகை தருகிறேன் என்பதைவிட மேல் என்பேன்.

சேர்க்கும்போது ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழைக் காட்டுங்கள். சரிபார்த்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லிவிட்டது.

அடுத்து பாடம். இதில்தான் பந்தாடும் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஸ்போர்ட்ஸில் வருகிற பையனை, யாரும் எடுக்காமல் காலியாகக் கிடக்கும் பாடத்தில் தள்ளிவிடுவது வழக்கம். தம்பி காமர்ஸ் குரூப். பி.காம். கொடுத்தால் சேருங்கள். அவனுக்கு ஒட்டாத பாடத்தைக் கொடுத்து, “பாஸ் பண்ண வைக்கிறோம்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அரியர் விழுந்து டிகிரி முடியாவிட்டால் மூன்று வருஷம் ஆடியதற்கும் பயன் இல்லை. மேட்சுக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே வருகைப் பதிவு) உண்டா, இன்டர்னல் தேர்வு தவறினால் மறுபடி வைப்பார்களா என்பதைத் துறைத் தலைவரிடமே நேரில் கேளுங்கள்.

அவனுக்கு உடற்கல்வி ஆசிரியராகும் எண்ணம் இருந்தாலும் இப்போதே அதில் சேர வேண்டும் என்றில்லை. ஏதாவது ஒரு டிகிரியில் 50 சதவீதம் மதிப்பெண்ணும், கல்லூரிகளுக்கிடையே ஆடிய சான்றும் இருந்தால் இரண்டு வருஷ பி.பி.எட்., அதாவது உடற்கல்விப் பட்டப் படிப்பில், சேரலாம். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது.

இனி மதினியின் பயம். பந்து சோறு போடுமா என்று கேட்கிறார்கள். பந்து மட்டும் போடாது, உண்மை. நம் பையன்கள் எல்லாரும் சூசைராஜைக் காட்டுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை என்கிற மீனவ கிராமத்திலிருந்து போய், 2019-ல் இந்திய அணிக்காக ஆடியவர் மைக்கேல் சூசைராஜ். பெருமைதான். ஆனால் அதே மணலில் அவரோடு ஆடிய மற்றவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். போலீஸ் தேர்வில் காவலர், எஸ்.ஐ. பணியிடங்களில் 10 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு. மற்ற அரசுப் பணிகளில் 3 சதவீதம். ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு வீரர்களை எடுக்கின்றன. எந்த அளவுப் போட்டி, எத்தனையாவது இடம், எந்த வருஷத்துக்குள் ஆடியது என்று ஒவ்வொரு அறிவிக்கையிலும் தனி நிபந்தனை இருக்கும். கலந்துகொண்டாலே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வேலைகளில் பலவற்றுக்கு டிகிரியோ பிளஸ் டூவோ வேண்டும். 18 வயது முடிந்ததும் ஏ.ஐ.எஃப்.எஃப். (அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம்) நடத்தும் டி லைசென்ஸ் என்கிற ஆரம்பநிலை கோச் பயிற்சியை அவன் முடித்து வைத்தால், தனியார் பள்ளிகளிலும் அகாடமிகளிலும் கோச்சாகப் போக ஒரு வாசல் திறக்கும். ஐ.டி.ஐ. மோசமான வழி இல்லை, பி.காம். கிடைக்காமல் வேறு பாடத்தில் தள்ளினால், அந்த நிலையில் நான் மதினி பக்கம்.

(மகள் இருந்து அவளும் பந்தாடினால் தடுத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியிலும் ஆடினார், தமிழகப் போலீஸில் எஸ்.ஐ.யாகவும் சேர்ந்தார்.)

தம்பியிடமும் நான்கு வார்த்தை. நம் கடற்கரை மணலில் ஆடி வளர்ந்த காலுக்கு நல்ல பலம் இருக்கும். ஆனால் மணலில் பந்து துள்ளாது. புல் மைதானத்தில் வேகமாக வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்க நம் பையன்கள் தடுமாறுகிறார்கள். தினமும் அரை மணி நேரம் சுவரில் அடித்து இரண்டு காலாலும் பந்தை நிறுத்திப் பழகு. செலெக்‌ஷனில் பி.டி. சார் கோலைவிடக் கவனிப்பது, பந்து உன்னிடம் இல்லாதபோது நீ என்ன செய்கிறாய் என்பதை. பந்தைப் பறிகொடுத்த விங்கர் இடுப்பில் கை வைத்து நின்றால் அதோடு அவன் பெயரை அடித்துவிடுவார். வெறுங்காலில் ஆடிப் பழகியவன் என்றால் செலெக்‌ஷனுக்கு ஒரு மாதம் முன்பே பூட்ஸ் போட்டு ஓடு, அன்றைக்குப் புதுசு மாட்டிக்கொண்டு குதிகாலில் கொப்புளத்தோடு நிற்காதே. வீடியோ அனுப்பச் சொன்னால் கோல்களை மட்டும் வெட்டிப் பாட்டுச் சேர்த்து அனுப்பாதே. பள்ளி மாடியில் நின்று நடுக்கோட்டுக்கு நேராக ஒரு பாதி ஆட்டத்தை முழுசாக எடுத்து, உன் ஜெர்சி நம்பர், எந்தக் கால், என்ன குரூப், எந்த அளவுப் போட்டிவரை ஆடினாய் என்று நான்கு வரி எழுதி அனுப்பு. பிறகு இன்னொன்று: காசுக்காக வேற்றூர் அணிக்கு மின்னொளி டோர்னமென்ட் ஆடப் போவதை செலெக்‌ஷன் முடியும்வரை நிறுத்திவை. அங்கே காலில் அடிக்கிறவனுக்கு உன் கல்லூரியைப் பற்றி என்ன கவலை?

அண்ணே, காசு விஷயம் ஒன்று பாக்கி. ரிசல்ட் வருவது மே மாதம், சேர்க்கை மே, ஜூன். நமக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கும். நிவாரணம் 8,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போகும். ஆகவே கல்லூரியில் கட்ட வேண்டியது ஏதாவது இருந்தால், தடைக்காலம் முடிந்து கட்ட ஜூலைவரை தவணை கேளுங்கள். கடலோரத்துப் பிள்ளைகளை எடுக்கிற கல்லூரிக்கு இது புதிதாக இருக்காது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூவரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே வரும்.

அந்தச் சின்னக் கல்லூரியை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது விளையாட்டுப் பிரிவைக் குறிப்பிட்டு, ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியையும் போட்டு வையுங்கள். சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் சான்றிதழ் கையில் இருந்தும் பயன் இல்லை. அங்கே கட்டணமும் குறைவு. ஆனால் தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தால் காலைப் பயிற்சிக்கு நேரத்துக்குச் சேர முடியாது. விடுதி கேட்டுப் பாருங்கள்.

பள்ளி மூடும் முன் செய்ய வேண்டியது ஒன்று. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று எந்த அளவில் ஆடியிருந்தாலும் அதற்கான சான்றுகளை பி.இ.டி. சாரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். விடுமுறையில் கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு. சான்றிலும், ஆதாரிலும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். வயதுக் குறைப்பு செய்து சின்னப் பிரிவில் ஆட வைத்த சான்று ஏதாவது இருந்தால் அதை எடுத்துப் போகவே வேண்டாம். மாறுபட்ட பிறந்த தேதி ஒன்று சிக்கினால் நல்ல சான்றுகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். எல்லாவற்றையும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு செட்டை மதினியிடம் கொடுத்து வையுங்கள்.