‘கடல்’ என்று ஒரு தொகுப்பு

கேள்வி: நானும் நண்பர்கள் ஆறு பேரும் வரைந்த ஓவியங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ‘கடல்’ என்ற தலைப்பில் நாங்களே தொகுப்பாக அச்சிட நினைக்கிறோம். நீங்கள் தனியாக நின்று ஓவியத் தொகுப்புகள் வெளியிடுகிறவர். எங்கே தொடங்கலாம், அக்கா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தலைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். நாற்பது படத்தையும் அதற்குள் போடலாம், நாலாயிரத்தையும் போடலாம். என் முதல் தொகுப்புக்கு நானும் ‘கடல்’ என்றுதான் கேட்டேன். கோணேசர் மலையில் சூரியன் உதிப்பது மட்டும் ஐந்து வந்து சேர்ந்தது. தனித்தனியே ஐந்தும் நல்ல படங்கள். அடுத்தடுத்த பக்கத்தில் வைத்ததும் ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டன.

அடுத்த முறை ‘கயிறு’ என்று கேட்டேன். கரைவலை இழுத்துக் காய்த்துப்போன ஓர் உள்ளங்கை வந்தது. கொடியில் காயும் அம்மாவின் சேலை வந்தது. பிள்ளை வரம் கேட்டு கோணேசர் கோயில் மரத்தில் கட்டிய சின்னத் தொட்டிலின் முடிச்சை மட்டும் ஒரு பெண் பென்சிலில் வரைந்திருந்தாள். ஒரு நார் பிரிந்து காற்றில் நிற்பது வரைக்கும் அதில் இருந்தது. மூன்றிலும் கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அது இந்த ஊர்த் தொகுப்பு என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலைக் கொண்டுவந்தார். இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தவை அதில் இருக்கின்றன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. எல்லாரிடமும் கேட்டது ஒரே விஷயம், வந்தது ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. தலைப்பு அவ்வளவு ஒடுக்கமாக இருக்கலாம், பயப்படாதீர்கள்.

சரி, அச்சு விஷயம். நடுவில் பின் அடித்து மடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். முதல் தடவைக்கு 24 போதும். நாற்பதில் நிறையப் படங்கள் வெளியே நிற்கும், மனம் வலிக்கும். அதை நண்பர்களிடம் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

நீலத்தில் கவனம். டச்பே கடற்கரையின் விடிகாலை நீலத்தை நான் அட்டைக்கு வைத்திருந்தேன். கணினியில் பளிச்சென்று இருந்தது, முந்நூறு பிரதியிலும் மங்கிய ஊதாவாக வந்தது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் காட்டுகிறது, அச்சு இயந்திரம் நான்கு மையால் அதைக் கொண்டுவரப் பார்க்கிறது. சில நீலங்கள் அந்த மைகளுக்கு எட்டாது. போதாததற்கு நான் எடுத்தது வழவழப்பில்லாத தாள், மையை உறிஞ்சிவிட்டது. எல்லாப் பிரதியும் அடிக்கும் முன் ஒன்றை அச்சிட்டுக் காட்டும் மாதிரித் தாளைக் கேட்காமல் விட்டது என் பிழை. அந்தப் படத்தை வரைந்த பையன் ஒன்றும் பேசாமல் அட்டையைத் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்புறம், நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, படத்தின் பதிப்புரிமை வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டும் இருக்கிறது. இந்தத் தொகுப்புக்கு மட்டும் அனுமதி, ஆளுக்கு இத்தனை பிரதி, விற்றால் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கள்.

மாதிரித் தாள் கைக்கு வந்ததும் அச்சகத்து டியூப் லைட்டில் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். மூலப்படத்தையும் கையோடு கொண்டுபோய், இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.