நகைக்கடைக்காரர் சொன்னது சரி, மெடலும் அசல்தான்

கேள்வி: என் தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். பாட்டி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஐந்து மெடல்கள், ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், சில கடிதங்கள், ஒரு குரூப் போட்டோ. மெடல்களில் இரண்டு ஆறுமுனை நட்சத்திரங்கள், மூன்று வட்டம். கறுத்துப்போன ஒரு வட்டம் மட்டும் தாத்தாவின் அப்பாவுடையது என்கிறார் அத்தை. நகைக்கடையில் உரசிப் பார்த்துவிட்டு, அது ஒன்றுதான் வெள்ளி, மற்ற இரண்டும் இல்லை என்றார்கள். போலியா? புளி போட்டுத் துலக்கலாமா? ஒரு வியாபாரி நட்சத்திரங்களை மட்டும் கேட்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கொள்ளுத்தாத்தாவின் மெடலைக் கேட்கிறான். என்ன செய்யலாம்?
– குடியாத்தம் வாசகர்

முதலில் ஒரு சந்தேகம். நகைக்கடையில் எந்த இடத்தில் உரசினார்கள்? முகப்பில் என்றால் ஒரு கீறலோடு போயிற்று. விளிம்பில் என்றால் நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வட்ட மெடலின் உயிர் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நாலும் அங்கேதான் பொறித்திருப்பார்கள்.

சரி, போலியா என்ற கேள்விக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வெள்ளி இல்லாத இரண்டில் ஒன்று, பின்பக்கம் இரட்டைத்தலை டிராகன் மேல் சிங்கம் நிற்பது. அது 1939–45 போர் மெடல். இன்னொன்று இந்திய வரைபடம் போட்ட இந்தியா சர்வீஸ் மெடல். 1939 செப்டம்பர் 3 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்தில் மூன்று ஆண்டுகள் இங்கே பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்டது. இரண்டுமே செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். வெள்ளியில் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். கனடா தன் படையினருக்கு மட்டும் போர் மெடலை வெள்ளியில் அடித்தது. உங்கள் தாத்தாவுக்கு அது வர வழியில்லை.

நட்சத்திரங்கள் இரண்டும் மஞ்சள் உலோகம். எது எது என்று ரிப்பனே சொல்லிவிடும். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சம பட்டைகள் இருந்தால் 1939–45 ஸ்டார்; கப்பற்படை, தரைப்படை, விமானப்படை என்று பொருள். நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஓர் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா ஸ்டார். வியாபாரியின் கண் அதன் மேல்தான். படத்தில் ரிப்பன்கள் இடம் மாறியிருக்கின்றன. யாரோ கழற்றித் திரும்ப மாட்டும்போது குழம்பியிருக்கிறார்கள். எந்த ஸ்டார் என்று நட்சத்திரத்தின் நடுவளையத்திலேயே எழுதியிருப்பதால் திருத்துவது எளிது. கிழிந்திருந்தாலும் பழைய ரிப்பனை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கி மாட்ட வேண்டாம்.

இந்த நான்கிலும் தாத்தாவின் பெயர் இல்லையே என்று தோன்றலாம். பிரிட்டன் தன் வீரர்களுக்கு இரண்டாம் உலகப்போர் மெடல்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியப் படையினருக்கு வந்தவற்றில் பெயர் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. ஆகவே பெயர் இல்லை என்பது குறை அல்ல. ஆனால் பெயர் இல்லாத பர்மா ஸ்டார், தனியாகக் கடையில் கிடக்கும்போது யாருடையதாகவும் இருக்கலாம். அதை உங்கள் தாத்தாவுடையது என்று காட்டுவது அந்த டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்றுதான். எண், சேர்ந்த தேதி, பிரிவு, பெற்ற மெடல்கள் எல்லாம் அதில் இருக்கும். ஐந்தையும் புத்தகத்தையும் பிரித்தால் காசுக்கணக்கிலும் நஷ்டம், குடும்பக்கணக்கிலும் நஷ்டம். நட்சத்திரங்களை மட்டும் கேட்பவரை மோசக்காரர் என்று சொல்லவில்லை. அவருக்கு விற்க எளிதானதைக் கேட்கிறார். நீங்கள் கொடுக்க வேண்டாம். தொடக்க காலத்தில் நானும் இப்படி ஒரு ஸ்டாரை மட்டும் வாங்கினேன். யார் மார்பில் இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

இனி அந்தக் கறுத்த வட்டம். ஐந்தில் எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆண், 1914, 1918 என்ற ஆண்டுகள். இது முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல். 36 மில்லிமீட்டர் விட்டம், நல்ல வெள்ளி. தொழிலாளர் படையினர் போன்ற சிலருக்கு இதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள், அது அரிது. வெள்ளியாக இருந்ததே இந்த மெடலுக்கு வினையாயிற்று. 1980-ல் வெள்ளி விலை எகிறியபோது உலகெங்கும் எத்தனையோ மெடல்கள் உருக்கப்பட்டன. உங்களுடையது தப்பித்து வந்திருக்கிறது.

விளிம்பில் ‘எஸ்.பி.ஆர்.’ என்று தொடங்கி, ஓர் எண்ணும் பெயரும், கடைசியில் ‘2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ என்றும் தெரிகிறது. எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது பட்டாளத்தின் பொறியியல் பிரிவுச் சிப்பாய். பின்னால் இருப்பது விக்டோரியா மகாராணி பெயர் தாங்கிய இரண்டாம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று ஊரில் சொல்வதெல்லாம் இவர்களைத்தான். அந்தக் காலத்து அதிகாரபூர்வப் பெயரில் ‘மெட்ராஸ்’ கிடையாது. அதனால் மெட்ராஸ் என்ற சொல்லைத் தேடி ஏமாற வேண்டாம். போர்முனைக்குப் போனவருக்கு இதோடு விக்டரி மெடல் என்ற வெண்கல மெடலும் கிடைத்திருக்கும். சிறகு விரித்த பெண் உருவம், வானவில் நிற ரிப்பன். பெட்டியில் இல்லையென்றால் சித்தப்பா, பெரியப்பா வீடுகளில் விசாரியுங்கள். இந்த விளிம்பைத் தொட்டுப் பார்க்கும்போது ஓரிடம் மட்டும் பள்ளமாக இருந்தால், பழைய பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் பொறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியில் வாங்கும் மெடல்களில் இதை முதலில் பாருங்கள். குடும்பப் பெட்டியிலிருந்து வந்ததில் அந்தப் பயம் குறைவு.

புளியா? வேண்டவே வேண்டாம். திருநீறு, சாம்பல், பித்தளை துலக்கும் பொடி, பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்கைத் துலக்கும் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை துலக்கும்போதும் விளிம்பு எழுத்து கொஞ்சம் கரையும். வெள்ளி கறுப்பது அழுக்கு அல்ல. அது அப்படியே இருக்கட்டும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டினால் போதும்.

காகிதங்களை லேமினேஷன் செய்யாதீர்கள். ரேஷன் கார்டுக்குச் செய்ததைப் போல இதற்கும் செய்துவிடும் வழக்கம் இருக்கிறது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதம் கிழியாமல் எடுக்க முடியாது. செல்லோடேப், ரப்பர் பேண்ட், குண்டூசி மூன்றும் ஆகாது. அமிலம் இல்லாத காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, சுவரையொட்டாத அலமாரியில் வையுங்கள். குடியாத்தம் மழைக்கு ஈரத்தையும் பார்க்க வேண்டும், கரையானையும் பார்க்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், அந்துருண்டை வேண்டாம். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்புறம், பெட்டியின் அடியில் தோட்டா ஏதாவது கிடந்தால் கையால் எடுக்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தம்பி விஷயத்தில் சட்டம் குறுக்கே வருகிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருள் தொல்பொருள் ஆகலாம். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 ஆண்டுகளே போதும். ஆக, கொள்ளுத்தாத்தாவின் மெடலைத் தம்பி சூட்கேஸில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. டிஸ்சார்ஜ் புத்தகமும் 75 ஐத் தாண்டியிருக்கும், அதுவும் இங்கேயே இருக்கட்டும். இரண்டாம் உலகப்போர் மெடல்கள் இன்னும் நூறைத் தொடவில்லை. அவற்றில் ஒன்றை அனுப்புவதானால், தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகு அனுப்புங்கள். நானாக இருந்தால் தம்பிக்கு நல்ல படங்களை அச்சிட்டு அனுப்புவேன்.

மேலும் தேட நினைத்தால் வழி இருக்கிறது. புத்தகத்தில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அவர்களின் ஆவணப்பிரிவுக்கும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதலாம். எப்படி எழுதுவது என்று குழம்பினால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். வீரப்பதக்கம் ஏதாவது கிடைத்திருந்தால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் அறிவிப்பு வந்திருக்கலாம். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். நம் பெயர்களை அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள்.

இதெல்லாம் அடுத்த மாதம்கூடச் செய்யலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போங்கள். யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல, போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாகக் குறித்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் வந்துவிடும்.