நாவன்மை இல்லாத பார்னெல் நாடாளுமன்றத்தில் செல்வாக்குப் பெற்றது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அயர்லாந்து தேசியத் தலைவரான சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் பிறவிப் பேச்சாளர் அல்லர் என்றால், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவர் சொல்லுக்கு ஏன் செவிசாய்த்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1875 ஏப்ரலில் அயர்லாந்தின் மீத் தொகுதி இடைத்தேர்தலில் வென்று, நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு வந்தபோது அவர் தயங்கித் தயங்கியே பேசினார்; ஆயினும், அயர்லாந்து இங்கிலாந்தின் ஒரு நிலத்துண்டு அன்று என்னும் தம் நிலைப்பாட்டைக் கன்னிப்பேச்சிலேயே ஐயத்துக்கு இடமின்றி வைத்தார். அவருடைய உண்மையான பயிற்சிக்களம், சபை விதிகளுக்கு உட்பட்டே விவாதத்தை நீட்டி அரசின் அலுவல்களை முடக்கும் உத்திதான். அவர் பதவியேற்ற நாளிலேயே சக அயர்லாந்து உறுப்பினர் ஜோசப் பிகர் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பேசி இதற்கு வழிகாட்டினார். 1877இல் தென்னாப்பிரிக்க மசோதாவின்மீது சபை 26 மணி நேரம் அமர நேர்ந்தது. 1881இல் அயர்லாந்துக்கான அடக்குமுறைச் சட்ட மசோதாவை எதிர்த்து நடந்த அமர்வு 41 மணி நேரம் நீண்டு, சபாநாயகர் பிராண்ட் தாமே விவாதத்தை முடித்துவைத்தார். ஒரு நூற்றாண்டின் நாடாளுமன்ற மரபையே அந்தப் பேச்சுகள் மாற்றின என்பது மிகையன்று.

இவ்வாறு விதிகளோடு மல்லுக்கட்டியதில்தான், ஒரு சொல்லும் மிகாமல், தாம் எண்ணியதை மட்டுமே சொல்லும் நடை அவருக்குக் கைவந்தது என்று கருதுகிறேன். 1886 ஜூன் 7 அன்று அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவுக்காக ஆற்றிய உரையே அதன் உச்சம்: அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரைப் பிரிக்கும் யோசனையை மறுத்து, ஓர் அயர்லாந்துக்காரரைக்கூட விட்டுக்கொடுக்க இயலாது என்றார். மசோதா 343க்கு 313 என்ற வாக்குகளில் தோற்றது.