மூடி இறுக்கமாக இருந்தும் பிளாஸ்டிக் கேனிலிருந்து பெட்ரோல் வாசம் வருகிறதே, ஓட்டை இல்லாமல் எப்படி?

கிருஷ்ணகிரியில் என் மாமாவுக்கு டூவீலர் ஒர்க்‌ஷாப். பள்ளி விடுமுறையில் அங்கேதான் கிடப்பேன். ஒருநாள் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றித் துடைத்துவிட்டு, ரப்பர் வாஷரை மறுபடி வைத்தால் பள்ளத்தில் உட்காரவே மாட்டேன் என்றது. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்பியது. வாஷர் மாறிவிட்டதோ என்று தேடினேன். மாமா சிரித்தார்: "பெட்ரோல் குடிச்சிருக்குது மாப்ள. வெயில்ல போடு, நாளைக்குச் சேரும்." மறுநாள் சேர்ந்தது.

உங்கள் கேனிலும் இதேதான் நடக்கிறது, கொஞ்சம் மெதுவாக. ரப்பரும் பிளாஸ்டிக்கும் இடியாப்பம் மாதிரி பின்னிக்கிடக்கும் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். அவை சும்மா கிடப்பதில்லை, நெளிந்துகொண்டே இருக்கும். நெளியும்போது ஒரு கணம் விடும் இடுக்கில் பெட்ரோல் மூலக்கூறு நுழைந்து, அடுத்த இடுக்குக்குத் தாவும். ரப்பர் படலத்தை வாயு கடப்பதற்கு 1866இலேயே வேதியியலாளர் தாமஸ் கிரகாம் சொன்ன விளக்கம் இதற்கும் பொருந்தும்: முதலில் கரைகிறது, உள்ளே ஊடுருவுகிறது, மறுபக்கம் ஆவியாகிறது.

எவ்வளவு குடிக்கும் என்பது இனத்தைப் பொறுத்தது. இயற்கை ரப்பரும் பெட்ரோலும் ஹைட்ரோகார்பன்கள், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரே இனம், ஒட்டிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு ரப்பர் துண்டை டொலுயீன் என்ற ஹைட்ரோகார்பன் திரவத்தில் ஊறவிட்டு, அவ்வப்போது எடுத்து, ஒற்றுத்தாளில் ஒற்றி, ஆவியாகும் முன் அவசரமாக எடை போடுவோம். தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடித்துவிட்டுக் கொழகொழவென்று நிற்கும். கரைந்து போகாததற்குக் காரணம் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் போட்ட குறுக்கு முடிச்சுகள். இயற்கை ரப்பர் இப்படிக் குடிப்பதால்தான் கார்புரேட்டருக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். அதுவும் குடிக்கும், கொஞ்சமாக. ஆனால் அசிட்டோன் என்ற கரைப்பானிடம் அதன் பருப்பு வேகாது. நைட்ரைல் கையுறை போட்டாயிற்று என்று அசிட்டோனில் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். மெல்லிய கையுறை சில நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம்.

தடிமனுக்கு ஒரு கணக்கு உண்டு. சுவர் இரண்டு மடங்கானால் பெட்ரோல் மறுபக்கம் எட்டிப்பார்க்கச் சுமார் நான்கு மடங்கு நேரமாகும். ஆனால் ஒருமுறை எட்டிவிட்டால், அப்புறம் கசிவு பாதியாகத்தான் குறையும். வெயிலில் வைத்தால் சங்கிலிகள் இன்னும் வேகமாக நெளியும், கசிவும் கூடும்.

கார்களின் பிளாஸ்டிக் டேங்கில் பெட்ரோலை மறிக்க நடுவில் வேறு பிளாஸ்டிக் அடுக்கு வைப்பார்கள், அல்லது உள்பரப்பில் ஃபுளோரின் ஏற்றுவார்கள். சாதாரண பாலித்தீன் கேனில் இரண்டும் இருக்காது. முதலில் மூடி வாஷரைப் பாருங்கள், பலநேரம் வில்லன் அதுதான். அது சரியாக இருந்தும் வாசம் வந்தால், கேனின் சுவரே குடித்துக் கக்குகிறது.