படித்து முடித்த பின்னும் கல்லூரி வாசலுக்கு ஏன் திரும்புகிறோம்? – கேள்வி பதில்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பொது மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அந்தக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு 12 ஆண்டுகள் செயலாளராகவும் இருந்தேன். மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம் முதலிய படிப்புகளை முடித்தவர்கள் தாம் படித்த இடத்துக்காக ஊதியமின்றி உழைக்க முன்வருவது ஏன், சிலர் விலகிப் போவது ஏன் என்பது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் தருகிறேன்.

இறுதியாண்டு மருத்துவ மாணவர், தஞ்சாவூர்: பொறியியல் படித்த என் அண்ணன் கல்லூரியை விட்டு வந்தபின் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. எங்கள் கல்லூரிக்கோ 60 வயதைக் கடந்த மருத்துவர்கள் மாதந்தோறும் வந்து வார்டில் வகுப்பெடுக்கிறார்கள். எது அவர்களை இழுக்கிறது ஐயா?

தம்பி, நாம் கற்ற விதமே அதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் வார்டில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிய பெரியவர் ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். அந்த நோயில் எழும் இதய முணுமுணுப்பு, நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் தெளிவாகக் கேட்கும். எங்கள் பேட்ச் மாணவர்கள் 20 பேர் வரிசையாக நின்று ஒவ்வொருவராக ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டோம்; மூச்சிரைப்பால் தவித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் அத்தனை பேருக்காகவும் அப்படியே படுத்திருந்தார். கடைசியாக வந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பதை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க தம்பி" என்றார். இரண்டாம் முறை கேட்டது. பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த ஒலியை நான் தவறவிடவில்லை.

அந்தப் பெரியவருக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை. அவர் படுத்திருந்த வார்டுக்கும், அங்கே இன்று ஒன்றும் கேட்காமல் திகைத்து நிற்கும் மாணவருக்கும் கொடுக்கலாம். உடற்கூறியல் கூடத்தில் தம் உடலை நமக்குக் கொடுத்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ரத்தக் குழாயில் ஊசி ஏற்றும்போது நம் கைமீது கைவைத்து வழிகாட்டிய சீனியரும், நோயாளி பற்றி நாம் எழுதிய கேஸ் ஷீட்டைத் திருத்திக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்த, யூனிட் தலைவரான சீஃபும் தனியே இதற்கென்று ஊதியம் வாங்கியதில்லை. ஆளிடமிருந்து ஆளுக்குக் கைமாறி வரும் தொழில் இது என்பதால், அடுத்த ஆளுக்குக் கொடுக்காதவரை கற்றது முழுமையடையவில்லை என்ற உறுத்தல் பலருக்கும் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கருவிகள் எவ்வளவு மாறினாலும் அந்த முணுமுணுப்பு மாறவில்லை; ஆகவே 65 வயதான ஒரு மருத்துவரின் காது இன்றைக்கும் ஒரு மாணவருக்குப் பயன்படுகிறது. தனக்குத் தெரிந்தது இன்னும் தேவைப்படுகிறது என்ற உணர்வு ஓய்வுக்குப் பிறகு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அனுபவித்து அறிந்திருக்கிறேன்.

செவிலியர், குவைத்: முன்னாள் மாணவர் கூட்டம் என்றாலே மேடையில் மருத்துவர்கள்தான். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

உங்கள் வருத்தம் நியாயமானது. எங்கள் சங்கத்திலும் பல ஆண்டுகள் செயற்குழுவில் ஒரு செவிலியர்கூட இல்லை, அதை நான் காலம் தாழ்த்தித்தான் உணர்ந்தேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாற்றைப் பாருங்கள்: அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் அங்கே 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் பணியைத் தொடங்கினார், செவிலியர் பயிற்சி 1909-இலேயே வந்துவிட்டது, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது. செவிலியரை ஒதுக்கிவிட்டு எந்த மருத்துவ நிறுவனத்தின் கதையையும் சொல்ல முடியாது.

உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. வளைகுடா வேலைக்காக ஏஜென்டுகளிடம் நகையை அடகுவைத்துப் பணம் கட்டி ஏமாறும் இளம் செவிலியர்கள் இன்றும் உண்டு. அந்த நாட்டின் உரிமத் தேர்வு எப்படி இருக்கும், ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கவனிக்க வேண்டும், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை எப்படி அணுகுவது என்பதையெல்லாம் ஆண்டுக்கு இரண்டு மாலை நேரங்களில் இணையவழியில் நீங்கள் சொல்லித் தந்தால், மேடையில் எங்களுக்குப் போர்த்தப்படும் சால்வைகள் அனைத்தையும்விட அது பெரிது.

மருத்துவர், பர்மிங்காம்: பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றுவிட்டேன். நான் படித்த கல்லூரி மருத்துவமனைக்கு வென்டிலேட்டர் வாங்கித்தர விரும்புகிறேன். எப்படி அனுப்புவது?

முதலில் சட்டம். இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வாழ்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், அவர் இந்திய வம்சாவளியினராகவே இருந்தாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். பெறும் சங்கமோ அறக்கட்டளையோ அச்சட்டத்தின்கீழ் பதிவு அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்தின்படி, பணம் முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வரவேண்டும். நண்பரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பி அவர்மூலம் சங்கத்துக்குக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள்; நல்ல மனிதர்கள் அதனால் சிக்கலில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, வாங்குவதற்கு முன் வார்டைக் கேளுங்கள். எங்கள் பேட்ச் நண்பர்கள் ஒருமுறை மிகுந்த அன்போடு ஒரு மருத்துவமனைக்கு விலையுயர்ந்த பரிசோதனைக் கருவியை வாங்கித் தந்தோம். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஈராண்டு கழித்து நான் போனபோது அது மூலையில் உறைபோட்டுக் கிடந்தது. அதற்கான ரீஏஜென்ட் எனும் ரசாயனப் பொருட்களை வாங்க நிதி ஒதுக்கப்படவில்லை, பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லை. மருத்துவமனையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, நாங்களும் கேட்கவில்லை. கருவியின் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பு, துணைப்பொருட்கள், அதை இயக்குவோருக்கான பயிற்சி ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்தத் தொகை கைக்கு மீறினால் சிறிய கருவியாக வாங்குங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர்கள் போதும் என்று வார்டு சிஸ்டர் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தருமபுரி: பத்தாண்டுகளாக ஒரு கடிதம் இல்லை. திடீரென்று, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வுக்குழு வருகிறது, வந்து கலந்துகொள்ளுங்கள் என்று அழைக்கிறார்கள். மனம் கசக்கிறது.

கசக்கத்தான் செய்யும். நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாடு என்று தனியே ஒரு கூறு இருப்பதால் பல நிறுவனங்களுக்கு அந்த நேரத்தில் மட்டும் நம் நினைவு வருகிறது. பணம் கேட்க மட்டும் அழைப்பதும் இதே வகைதான். நான் செயலாளராக இருந்தபோது விலகிப்போன பலரிடம் காரணம் கேட்டிருக்கிறேன். பணம் கேட்டதற்காக யாரும் கோபப்படவில்லை, வேறெதையும் கேட்காததற்காகத்தான் வருந்தினார்கள். உங்களிடம் இருக்கும் அறிவு கல்லூரியில் எவரிடமும் இல்லை: இரவில் பாம்புக்கடியோடு வருபவரை மலைக்கிராமத்திலிருந்து எப்படி அனுப்பிவைப்பது, கருவுற்ற பழங்குடிப் பெண்ணைப் பரிசோதனைக்கு வர எப்படி இணங்கவைப்பது என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் மாணவர்கள் அறிய முடியும். அழைத்த துறைத்தலைவரிடம், "வருகிறேன், சமுதாய மருத்துவ வகுப்பில் ஒரு மணி நேரமும் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் போகவேண்டாம்.

முதலாமாண்டு மாணவியின் தந்தை, விழுப்புரம்: நான் கொத்தனார். என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தாள். கட்டணத்தை அரசே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் பிள்ளை தினமும் போனில் அழுகிறாள். முன்னாள் மாணவர்கள் உதவுவார்களா?

உதவ வேண்டும், உதவுகிறார்கள். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி ஐயா.

2020-இல் அந்த உள் ஒதுக்கீடு வந்த பிறகு, குடும்பத்தில் மட்டுமன்றி ஊரிலேயே முதல் மருத்துவராகப் போகிற பிள்ளைகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் சேருகிறார்கள். அவர்களுக்கு அறிவில் குறையில்லை. உடற்கூறியல் புத்தகம் ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் இருக்கிறது. வகுப்பில் கேள்வி கேட்க வாய் திறந்தால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும், நமக்கு இந்த இடம் தகாது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவை மாற்றக்கூடியவர் ஆசிரியரைவிட, அதே வழியில் வந்து முடித்த ஒரு சீனியர்தான். நானும் தமிழ்வழியில் படித்தவன். முதலாண்டில் 'ப்ராக்சிமல்', 'டிஸ்டல்' என்ற இரு சொற்களுக்கு வேறுபாடு கேட்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஒரு சீனியர் அக்கா விடுதி வராந்தாவில் தன் கையையே காட்டி, தோளுக்கு அருகில் இருப்பது ஒன்று, தள்ளி இருப்பது மற்றொன்று என்று அரை நிமிடத்தில் விளக்கினார்.

எங்கள் சங்கம் செய்தவற்றில் எனக்கு மனநிறைவு தருவது இந்த ஒன்றுதான். ஒவ்வொரு முதலாமாண்டு மாணவருக்கும் ஒரு முன்னாள் மாணவர் என்று பெயர் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை 20 நிமிடம் போனில் பேச வேண்டும், பாடம் மட்டுமல்லாமல் சாப்பாடு, தூக்கம், வீட்டு நிலைமை பற்றியும் கேட்க வேண்டும் என்பது ஒழுங்கு. எளிதாகத் தோன்றினாலும், பெயர் கொடுத்த சீனியர்களில் பலர் மூன்றாம் மாதத்தில் நின்றுவிட்டார்கள். அதிலிருந்து ஒரு பாடம் கற்றோம்: ஒருவருக்கு ஒரே ஒரு மாணவர், ஓராண்டுக்கு மட்டும் என்று எல்லை வகுத்த பிறகு இடையில் நின்றுவிடுபவர்கள் குறைந்தார்கள். உங்கள் மகள் படிக்கும் கல்லூரியில் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் யார் என்று முதல்வர் அலுவலகத்தில் கேளுங்கள். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் உணவும் குறைந்தாலோ சீனியருக்காகக் காத்திருக்க வேண்டாம். கல்லூரி மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். அது பலவீனம் இல்லை என்று மகளிடம் நீங்களே சொன்னால் அவள் நம்புவாள்.

மருத்துவர், மெல்பர்ன்: நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்தவன். போர்க்காலத்தில் நாட்டை விட்டு வந்த குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது. இரண்டு வாரம் போய்க் கற்பித்தால் பயன் உண்டா?

1978-இல் தொடங்கிய உங்கள் பீடம், ஆசிரியர்கள் போதாமல், மின்சாரமும் மருந்தும் தட்டுப்பட்ட ஆண்டுகளிலும் மருத்துவர்களை உருவாக்கியது. அந்த நாட்களில் அங்கே நின்றவர்களும், வெளியேறி உயிரோடு இருந்து இன்று திரும்பிப் பார்ப்பவர்களும் ஒரே பீடத்தின் பிள்ளைகள்தான். குற்ற உணர்வோடு போனால் நீங்கள் கொடுக்க வந்தவராக நடந்துகொள்வீர்கள், அங்கிருப்பவர்களுக்கு அது பாரமாகிவிடும். இரண்டு வாரம் பயன்படும், ஆனால் தேதியை அவர்கள் தீர்மானிக்கட்டும். ஒரு துறையோடு மட்டும் இணைந்து, அடுத்த ஆண்டும் அதே துறைக்குப் போங்கள். இடைப்பட்ட மாதங்களில் இணையவழியில் நோயாளர் பற்றிய கலந்துரையாடலை நடத்துங்கள். நோயாளரைத் தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் இலங்கை மருத்துவ சபையின் பதிவு நிலையை முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள்.

பல் மருத்துவர், கோயம்புத்தூர்: பரிந்துரை நோயாளிகள் கிடைப்பார்கள், பெயர் பரவும் என்பதற்காகவும் சிலர் வருகிறார்கள் அல்லவா?

வருகிறார்கள். அதைத் தவறென்று நான் கருதவில்லை. தொடர் மருத்துவக் கல்விக்கான மணிநேரங்கள் கிடைக்கின்றன, பழைய நண்பர்களைப் பார்க்க முடிகிறது, பிள்ளைக்கு வழிகேட்க முடிகிறது என்று தொடங்கியவர்களில் சிலர், மூன்றாம் நான்காம் ஆண்டில் எவரும் கேட்காமலேயே வார்டில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். கட்டாயத்தில் தொடங்கியதும் அப்படி மாறுவதுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தவர்கள், தேவையுள்ள மிஷன் மருத்துவமனைகளில் ஈராண்டுகள் பணிசெய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு. அங்கே படித்த ராஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர் மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்ற வறண்ட ஊரில் 1970-இல் தொடங்கிய கிராம சுகாதாரத் திட்டம், எழுத்தறிவில்லாத பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. 1979-இல் அவர்களுக்கு மக்சேசே விருது கிடைத்தது. எந்த ஒப்பந்தமும் அவர்களிடம் அவ்வளவு கேட்டிருக்கவில்லை.

பயிற்சி மருத்துவர், திருநெல்வேலி: இன்னும் இரண்டு மாதத்தில் ஹவுஸ் சர்ஜன் பணி முடிகிறது. அடுத்து மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுக்குப் படிக்க வேண்டும். இப்போது கல்லூரிக்கு நான் என்ன செய்ய முடியும்?

இப்போது படியுங்கள். விடுதியைக் காலிசெய்யும் முன் மாறாத மின்னஞ்சல் முகவரி ஒன்றைச் சங்கத்தில் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் பேட்ச் வாட்ஸாப் குழுக்கள் எண் மாறும்போது கலைந்துவிடுகின்றன. பிறகு, இரவுப் பணியில் உங்களுக்கு உதவியாக இருந்த ஜூனியர் ஒருவரையாவது அழைத்து, ரத்தக் குழாய் எளிதில் கிடைக்காத குழந்தைக்கு ஊசி ஏற்ற நீங்கள் கண்டுகொண்ட வழியை அவர் கைமீது கைவைத்துக் காட்டிவிட்டுப் போங்கள்.