வேதியியல் பட்டத்துக்கு 12 லட்சம் செலவழிக்கலாமா?

கேள்வி: வாலாஜாபேட்டையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதம் 34,000 ரூபாய் வருகிறது. மகள் அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூ தேர்வில் 600க்கு 586 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள்; பாலாற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, சுற்றுச்சூழல் துறையில் வேலை செய்ய ஆசை. சென்னைக்கு அருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 'பி.எஸ்சி. ஆனர்ஸ் சுற்றுச்சூழல் வேதியியல்' என்ற நான்காண்டுப் படிப்பில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் 1.75 லட்சம், விடுதி 1.2 லட்சம். முன்பணமாக 25,000 கட்டிவிட்டேன். இதற்கிடையே வேலூரில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலும் கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். கையில் 5 லட்சம் வைப்புத் தொகை இருக்கிறது. மீதிக்குக் கல்விக் கடன் வாங்கலாமா? மனைவி 12 பவுன் நகையை அடகு வைக்கலாம் என்கிறார். எது சரி?

பதில்: வேலூர்க் கல்லூரியில் சேருங்கள். வைப்புத் தொகையை இளநிலைப் படிப்புக்காக உடைக்காதீர்கள். நகை பீரோவை விட்டு வெளியே வர வேண்டாம். உங்கள் மகள் தன் ஆசையைக் கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். சுற்றுச்சூழல் சிறப்புப் படிப்பை முதுநிலையில் வாங்கலாம். பணத்தையும் அதற்கென்று வைத்திருக்கலாம் என்பதுதான் என் யோசனை.

முதலில் கடன் கணக்கு. ஆண்டுக்கு 2.95 லட்சம் என்றால் நான்கு ஆண்டுக்கு 11.8 லட்சம். கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று நம்பினால் இந்தத் தொகை. உங்கள் 5 லட்சத்தையும் போட்டு, மடிக்கணினி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 7 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதித் திட்டம் இருப்பதால் சொத்துப் பிணை தேவைப்படாது. வங்கி மேலாளர் தயங்கினாலும் கடைசியில் கிடைத்துவிடும். கடன் எளிதாகக் கிடைப்பதாலேயே இதில் யோசனை அதிகம் தேவை.

ஆண்டுக்கு 1.75 லட்சமாகப் பிரித்துத் தருவார்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 10 சதவீதத் தனிவட்டி என்று போட்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் 2.45 லட்சம் வட்டி சேர்ந்து, கடன் 9.45 லட்சமாக நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 12,500 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 15 லட்சம். இதுபோல் பி.எஸ்சி. முடித்துத் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடங்களில் சேரும் பிள்ளைகள் 15,000 முதல் 20,000 வரையிலான சம்பளத்தில் தொடங்குவதைத்தான் என்னிடம் வரும் குடும்பங்களில் பார்க்கிறேன். சம்பளத்தில் முக்கால்வாசி வங்கிக்குப் போனால், அந்தப் பெண் எம்.எஸ்சி. படிக்க எப்படிப் போவாள்? இந்தத் துறையில் எம்.எஸ்சி. இல்லாமல் நல்ல கதவு எதுவும் எளிதில் திறப்பதில்லை. முதல் படியிலேயே கடன் வாங்கியவர்கள் இரண்டாம் படி ஏறாமல் நின்றுவிடுகிறார்கள்.

வட்டி மானியம் கிடைக்குமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் வட்டியை அரசே ஏற்கும் திட்டம் இருப்பது உண்மை. உங்கள் வருமானமும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் அது தொழில்நுட்ப, தொழில்முறைப் படிப்புகளுக்கானது, பி.எஸ்சி. அதில் சேராது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. அதற்குக் கல்வி நிறுவனம் மத்திய அரசின் தரவரிசையை வைத்துத் தயாரித்த பட்டியலில் இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான் மானியம். அதில் அரசு நிறுவனங்களில் படிப்பவர்களுக்கும் தொழில்நுட்பப் படிப்பினருக்கும் முன்னுரிமை. கல்லூரி அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லும் மானியத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனிப் படிப்பு. நான் வேதியியல் படித்தவன் இல்லை. ஆனால் பிள்ளைகளின் பாடத்திட்டத்தைப் பார்க்காமல் யாருக்கும் கல்விக் கடன் யோசனை சொல்வதில்லை. பெற்றோரும் பார்க்க வேண்டும். வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா?

சாதாரண பி.எஸ்சி. வேதியியலில் கனிம, கரிம, இயற்பியல் வேதியியல் மூன்றும் ஆறு பருவங்களுக்கும் பரவியிருக்கும். செய்முறையில் பருமனறி பகுப்பாய்வு, உப்புப் பகுப்பாய்வு, எடையறி பகுப்பாய்வு என்று வரிசையாக வரும். இப்போது ஒரு கழிவுநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் நாள்தோறும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை, அயோடின் தரம்பார்த்தல்தான் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பதே தரம்பார்த்தல்). கழிவுநீரின் வேதி ஆக்சிஜன் தேவையை அளப்பது டைகுரோமேட் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்து, மீந்ததைத் தரம்பார்ப்பது. நீரின் கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொண்டு தரம்பார்த்தல். இவற்றின் அடிப்படையைப் பியூரெட்டும் கையுமாக நிற்கும் இளநிலை வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். சுற்றுச்சூழல் வேதியியல் என்ற தனி வேதியியல் கிடையாது. அதே வேதியியலை ஆற்றிலும் மண்ணிலும் காற்றிலும் செய்து பார்ப்பதுதான்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளிமண்டல வேதியியல், மண் வேதியியல், நச்சியல், நீர் சுத்திகரிப்பு, சுற்றுச்சூழல் சட்டம், தாக்க மதிப்பீடு என்று தலைப்புகள் கவர்ச்சியாக இருக்கும். எல்லாம் தேவையான பாடங்கள்தான். அவற்றுக்கு இடம் விட எதைக் குறைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வெப்ப இயக்கவியல், குவாண்டம் வேதியியல், கரிம வினைவழிமுறைகள் ஆகியவற்றைச் சுருக்கியிருந்தால், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் உங்கள் மகள் தடுமாறுவாள். அந்தத் தேர்வின் 100 மதிப்பெண்ணும் இந்த அடிப்படையிலிருந்துதான் வருகிறது.

வேலூரிலும் ஒன்றைக் கவனியுங்கள். துணைப்பாடமாகக் கணிதத்தை எடுக்கச் சொல்லுங்கள். தாவரவியலோ விலங்கியலோ எளிது என்று அந்தப் பக்கம் போகும் பிள்ளைகள், எம்.எஸ்சி. வாசலில் இயற்பியல் வேதியியலைக் கண்டு பயப்படுகிறார்கள்.

சான்றிதழில் அச்சாகும் பட்டப் பெயருக்கும் பண மதிப்பு உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய்: 60,000 ரொக்கம், 20,000 கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு. மாநில வாரியத் தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். 586 என்பது கட்டாயம் முயன்று பார்க்க வேண்டிய மதிப்பெண். அதில் அனுமதிக்கப்பட்ட அடிப்படை அறிவியல் பாடங்களின் பட்டியலில் வேதியியல் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் இல்லை. கிடைத்தால் மூன்று ஆண்டுக்கு ரொக்கமே 1.8 லட்சம். அரசுக் கல்லூரிச் செலவெல்லாம் போக மீதியே நிற்கும்.

அடுத்து, ஆசிரியர் தேர்வு வாரியம். முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்திலோ, இணையானது என்று அரசு ஏற்ற பாடத்திலோ இருக்க வேண்டும். புதிய பெயர் கொண்ட பட்டங்களுக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைவது தமிழ்நாட்டில் பலருக்கும் பழகிப்போன துன்பம். இப்போது அவளுக்கு ஆசிரியர் வேலையில் நாட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 26 வயதில் குடும்பச் சூழ்நிலை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கதவை இப்போதே மூடுவதற்காக 12 லட்சம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எதிர்த்திசையில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. வேதியியல் பட்டதாரிகளுக்குச் சுற்றுச்சூழல் துறையில் இடம் உண்டு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள், அதற்கு எம்.எஸ்சி. வேதியியலும் செல்லும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் வேதி அறிவியலை எடுத்து இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். சுற்றுச்சூழல் ஆராய்ச்சிக்கும் அந்தப் பணத்தோடு போகலாம்.

உங்கள் ஊரைவிட இந்தத் துறைக்குப் பொருத்தமான ஊர் எது? ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மலை, ஆறிணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவக் குரோமியத்தை நிலத்தடி நீரில் கலந்துகொண்டிருப்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. பொதுவான விதிகளின்படி ஆற்றில் விடும் கழிவுநீரில் ஆறிணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதை அளந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் அங்கீகாரம் பெற்ற தனியார் பரிசோதனைக்கூடங்களிலும் அந்த ஆட்கள் பெரும்பாலும் வேதியியல் படித்தவர்களே. கல்லூரி விடுமுறையில் அப்படி ஓர் இடத்தில் உங்கள் மகள் ஒரு மாதம் பயிற்சி எடுத்தால், கருவிகள் எப்படி ஓடுகின்றன, அந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். தோல் சார்ந்த ஆராய்ச்சி என்றால் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் பக்கத்திலேயே இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். 5 லட்சத்தில் 1.5 லட்சத்தைத் தனி வைப்பாகப் பிரித்து வையுங்கள். அது மருத்துவத்துக்கும் வேலை போகும் காலத்துக்குமானது. உங்கள் கடிதத்தில் வேறு சேமிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அதனால்தான் அந்த 5 லட்சத்தை மொத்தமாகக் கட்டணத்தில் போட நினைத்ததைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. மீதி 3.5 லட்சத்தை மூன்றாண்டு வைப்பில் போடுங்கள். 6.5 சதவீத வட்டியில் சுமார் 4.24 லட்சமாகும். மாதம் 3,000 ரூபாய் தொடர் வைப்புத் தொடங்கினால் அது 1.19 லட்சம். மகள் எம்.எஸ்சி. வாசலில் நிற்கும்போது கையில் 5.4 லட்சம் இருக்கும். அப்போது நல்ல இடம் கிடைத்துப் பணம் போதாவிட்டால் கடன் வாங்குங்கள், நானே பரிந்துரைப்பேன். இரண்டாண்டுப் படிப்பு, சிறிய கடன், வேலை வாய்ப்பும் பக்கத்தில். படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டினால் வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அதிலிருந்து அவளே பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் என் பதில் மாறும். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் நுழைவுத் தேர்வு எழுதி அங்கே இடம் வந்தாலோ, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. வேதியியல் கிடைத்தாலோ யோசிக்காமல் அனுப்புங்கள். இரண்டும் மத்திய நிறுவனங்கள். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையில்லாக் கடன் பெறத் தகுதியுள்ளவை. எம்.எஸ்சி.யும் அந்தச் செலவுக்குள்ளேயே முடிந்துவிடும்.

நகைக்கடன் வேண்டவே வேண்டாம். பொதுவாக ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய கடனை வைத்து நான்காண்டுப் படிப்பை நடத்தினால், ஆண்டுதோறும் வட்டி கட்டி மறு அடகு வைப்பதே வேலையாகிவிடும்.

கட்டிய 25,000 ரூபாயை நினைத்து முடிவை மாற்றாதீர்கள். அதில் பெரும்பகுதி திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகையையும் தர வேண்டும். நடைமுறைச் செலவென்று கட்டிய தொகையில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 மட்டுமே பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரை 80 சதவீதம், 16 முதல் 30 நாள் வரை 50 சதவீதம், பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ஆகவே வேலூரில் சேர்க்கை உறுதியான அன்றே விலகல் கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.